வலக்கை மணிக்கூடு

அருளம்பலத்தார் மணிக்கூட்டை வலது கையில் கட்டுவதற்கு மூன்று காரணங்கள் வைத்திருந்தார். கேட்கிற ஆளைப் பார்த்து ஒன்றை எடுத்து விடுவார். கோயில் வீதியில் கேட்டால், இடது கை கால் கழுவுகிற கை, காலத்தைக் கொண்டுபோய் அதிலே கட்டலாமோ என்பார். வாத்திமார் கேட்டால், கந்தோரில் தனக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரை அப்படித்தான் கட்டினவர் என்பார். தோட்டக்காரர் கேட்டால், வேலை செய்கிற கைக்குத்தான் நேரம் தெரியவேணும் என்பார். அவருடைய வலது கை வேலை செய்ததைக் கண்டவர்கள் அந்த ஊரில் இல்லாதபடியால் மூன்றாவது காரணத்தை எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள்.

நாலாவது காரணத்தை அவருடைய மனைவி குணலட்சுமி ஒருநாள் வாய் தவறி விட்டுவிட்டாள். கையெழுத்து வைக்கிறபோது மேசைக்கு முன்னால் நிற்கிற சனத்துக்கு மணிக்கூடு தெரியவேணுமாம்.

பாலேஸ்வரிக்கு இந்த நாலும் தேவையில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது தண்ணீர்.

கிணறு ஒன்று, பங்கு இரண்டு. மூத்தவர் அருளம்பலத்தாருக்கு அரை; இளையவர், பாலேஸ்வரியின் புருஷன் கனகரத்தினத்துக்கு அரை. இறைப்பு மிசினும் பொது. மண்ணெண்ணெய் மட்டும் அவரவர் விடவேண்டும். எண்பத்துநாலில் தகப்பன் காணி உறுதி முடித்தபோது, ஒவ்வொரு இறைப்பிலும் ஆளுக்கு மூன்று மணித்தியாலம், அதுவும் மூத்த மகன் கையிற் கட்டியிருக்கும் மணிக்கூட்டின்படி என்று நொத்தாரிசைக் கொண்டு எழுதுவித்துவிட்டுக் கண்ணை மூடினார். அப்போது அந்த வளவில் ஓடிய மணிக்கூடு அது ஒன்றுதான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது, கந்தோர் எழுதுவினைஞருக்கெல்லாம் தலைவரான பிரதம லிகிதர் அருளம்பலத்தாரிடம் மிஞ்சியிருந்தது கட்டின வேட்டியும் அந்த மணிக்கூடும். அதற்காக ஊர் அவர்மேல் ஒரு வருஷம் இரக்கப்பட்டது. ஊர் இரக்கத்தை நிறுத்திய பிறகும் அவர் அதை வாங்குவதை நிறுத்தவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு சித்திரை. யுத்தத்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எண்ணெய் தடை, பற்றரி தடை, சவுக்காரம் தடை. வெயிலுக்கு மட்டும் தடை இல்லை. சுன்னாகத்துக்குக் கிழக்கே அந்தச் செம்மண் தோட்டத்தில் பாலேஸ்வரியின் வெங்காயம் நட்டு முப்பது நாள். விதைக்கென்று புகையில் கட்டித் தூக்கியிருந்த கடைசிப் பிடியையும் இறக்கி நட்டாயிற்று. இது கருகினால் அடுத்த போகத்துக்கு நடுவதற்கு ஒரு பல்லும் இல்லை. விற்றுச் சாப்பிடுவதற்கும் வேறொன்றும் இல்லை.

நாலு நாளைக்கொரு இறைப்பு. ஒருமுறை அவர்கள் முந்தி, மறுமுறை இவர்கள் முந்தி. இவர்கள் முந்தி இறைக்கிற நாளில் அருளம்பலத்தார் கிணற்றுக்கட்டில் நின்று, தன் பங்கு களவு போகாமல் கையை வீசி வீசிக் காவல் காப்பார். மூன்று மணித்தியாலம் சரியாக முடியும். அவர் முந்தி இறைக்கிற நாளில் மாமரத்தின்கீழ் சாய்மனைக் கதிரையில் படுத்துவிடுவார். அவருடைய மிளகாய்க் கன்றுகளுக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவது கூலியாள் அடைக்கலநாதன். அந்த நாளில் மூன்று மணித்தியாலம் முடியவே முடியாது.

"இஞ்சாருங்கோ, நிழல் கிணத்துக்கட்டைத் தாண்டிப் போட்டுது. பத்தரை இருக்கும். உங்கடை அண்ணருக்கு இன்னும் ஒம்பது ஆகேல்லையாம்."

கனகரத்தினம் பழஞ்சோற்றுக் கோப்பையை விட்டுத் தலை நிமிரவில்லை. "சொன்னாக் கோவிப்பார்."

"வெங்காயம் கோவிக்காதோ?"

"அவர் மூத்தவரப்பா."

"கிணத்துக்கும் மூத்தவரோ? மணித்தியாலத்துக்கு ஒரு போத்தல் எண்ணெய் குடிக்கிற மிசின். இண்டைக்கு நாலரைப் போத்தல் விட்டிருக்கினம். அடைக்கலநாதன் வெறும் போத்தலை அடுக்கி வைச்சிருக்கிறான், போய்ப் பாருங்கோ."

"மிசின் பழசாப் போச்சாம். கூடக் குடிக்குதாம். அண்ணை சொன்னவர்."

"எங்கடை முறைக்கு மட்டும் அது விரதமோ?"

கனகரத்தினம் பச்சை மிளகாயைக் கடித்தான். அண்ணனைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் அவன் வைத்திருந்த மறுமொழி அதுதான்.

சித்திரைக் கிணறு ஆறு மணித்தியாலத்துக்குத்தான் காணும். அவர் நாலரை எடுத்தால் இவர்களுக்கு ஒன்றரை. பிறகு சேறு. அதற்குப் பிறகு குழாய் காற்றை உறிஞ்சிக் கொறட்டை விடும். கோயில் ஐயர்கூட அந்த மணிக்கூட்டுக்குத் தப்பவில்லை. மத்தியானப் பூசை மணி முந்தி அடிக்கிறது என்று அருளம்பலத்தார் படியேறிப்போய் ஏசினார். ஐயரிடம் மணிக்கூடும் இல்லை, எதிர்த்துக் கதைக்கிற பழக்கமும் இல்லை. அன்றிலிருந்து பிள்ளையார் முக்கால் மணித்தியாலம் பிந்திச் சாப்பிட்டார்.

பாலேஸ்வரிக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. பங்குனியில் ஒருநாள், அவர் முந்தி இறைத்துக்கொண்டிருந்தபோது குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்து சுற்றியது. அருளம்பலத்தார் கதிரையிலிருந்து பங்கர்க் குழிக்கும், பங்கரிலிருந்து கதிரைக்கும், வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி ஐந்து தடவை ஓடினார். அன்றைக்கு அவருடைய மூன்று மணித்தியாலம் மூன்று மணித்தியாலத்திலேயே முடிந்தது. பொம்மருக்கும் மணிக்கூட்டுக்கும் என்ன சொந்தம்?

அந்தச் சொந்தத்தைச் சுன்னாகம் சந்தையில் மரியரட்ணம் விளக்கினான். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கண்ணில் குழல் பொருத்திக்கொண்டு மணிக்கூடு திருத்துகிறவன். புருஷனுடைய செத்த மணிக்கூட்டை அவள் நீட்டினாள்.

"பற்றரியோ அக்கா? கப்பல் வந்தாலும் பற்றரி வராது. இதைக் கொண்டுபோய் அலுமாரியிலை வையுங்கோ. ஓடுறது ஒண்டு உங்கடை பெரியத்தானிட்டை இருக்குத்தானே."

"அது ஓடுதோ?"

மரியரட்ணம் குழலைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். "கை ஓடினா ஓடும். அதுக்குச் சாவி குடுக்கத் தேவையில்லை. உள்ளுக்குள்ளை ஒரு தகடு கிடந்து சுத்தும். கை ஆடுற ஆட்டம்தான் அதுக்குச் சாப்பாடு. புதுசிலை ஒருநாள் ஆட்டத்திலை ரெண்டுநாள் ஓடியிருக்கும். இப்ப ஸ்பிரிங் களைச்சுப் போச்சு. காலமை ஆறெண்டு திருப்பி வைச்சாலும், பத்து நிமிஷம் கை சும்மா கிடந்தா நிண்டிடும். திருப்பி ஆட்டினா, நிண்ட இடத்திலையிருந்து வெளிக்கிடும்."

"அவருக்குத் தெரியுமோ?"

"போன வருஷமே சொன்னன். 'சேர், சாமான் கொழும்பாலை வரவேணும், பாதை பூட்டு. அதுமட்டும் கையாலை ஏதாவது வேலைவெட்டி செய்யுங்கோ' எண்டன். 'நான் ஆரெண்டு தெரியுமோ உனக்கு?' எண்டார். தெரிஞ்சபடியாலைதானே அக்கா சொன்னனான்!"

பாலேஸ்வரி வெறும் கடகத்தோடு வீட்டுக்கு நடந்தாள். அருளம்பலத்தாருடைய வலது கை எப்போது ஆடும் என்று வழியெல்லாம் யோசித்தாள். சாப்பிடும்போது ஆடாது; பிசைந்து கொடுப்பது குணலட்சுமி. எழுதும்போது ஆடலாம், எழுத இப்போது ஒன்றும் இல்லை. ஏசும்போது ஆடும். ஏசும்போது அந்தக் கை நெல்லுத் தூற்றுகிறவன் கைபோல மேலேயும் கீழேயும் போய்வரும்.

அடுத்த முறை அவர் முந்தி. காலை ஆறு மணிக்கே அவள் மாமரத்தடியில் போய் நின்றாள்.

"என்ன பாலேஸ், இண்டைக்கு உங்கடை இறைப்புப் பின்னுக்கெல்லோ?"

"ஓம் பெரியத்தான். சும்மா கதைச்சிட்டுப் போவமெண்டு."

எட்டு வருஷத்தில் அவள் சும்மா கதைக்க வந்ததில்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"கந்தோரிலை உங்களுக்குக் கீழை எத்தினை பேர் வேலை செய்தவை?"

அவருடைய முகம் விரிந்தது. கை மட்டும் கதிரைச் சட்டத்தில் கிடந்தது. "பதினேழு பேர்."

"மேலை?"

"மேலையெண்டா?"

"மேலையெண்டா, உங்களை ஏசுறதுக்கு. கீழை பதினேழெண்டா மேலை ஒரு இருபதாவது இருந்திருக்குமே?"

கை சட்டத்திலிருந்து ஓரடி எழும்பியது. "என்னை ஏசுறதுக்கு ஒருத்தன் இருந்தானோ? இஞ்சை பாரும், துரையே என்னைக் கேட்டுத்தான் கையெழுத்து வைக்கிறவர்!"

"அப்பிடியோ? ஆரோ பைலைத் துலைச்சதுக்குத் துரை உங்களை விறாந்தையிலை நிக்க விட்டவரெண்டெல்லோ அக்கா சொன்னவ."

"துலைச்சது நானில்லை! பெரேரா!" கை ஆகாயத்துக்குப் போனது. "துலைச்சது பெரேரா! கண்டெடுத்தது நான்! ஆர் சொன்னது உனக்கு? குணம்! எடியே குணம்! இஞ்சை வா!"

பெரேரா ஒரு மணித்தியாலத்துக்குக் காணும். பெரேராவின் மைத்துனன் அரை மணித்தியாலம். ஓய்வூதியம் ஏன் இந்த மாதமும் வரவில்லை என்பது ஒன்றேகால். அடைக்கலநாதன் வாய்க்காலில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றான். மணிக்கூட்டில் ஒன்பது ஆனபோது நிழலிலும் ஒன்பது. பாலேஸ்வரி மிசினுக்குத் தன் எண்ணெயை விட்டாள். மூன்று மணித்தியாலம் வெங்காயம் தண்ணீர் குடித்தது.

"நீ ஏன் அவரோடை சண்டைக்குப் போறாய்?" அன்றைக்குக் கனகரத்தினம் தலை நிமிர்ந்து கேட்டான்.

"ஆர் சண்டை பிடிச்சது? நான் தண்ணி இறைக்கிறன்."

விபரத்தைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அண்ணனுடைய மணிக்கூடு நிற்கும் என்பதை அவனால் ஏற்கமுடியவில்லை. தகப்பன் செத்ததைக்கூட அவன் இவ்வளவு கஷ்டப்பட்டு நம்பவில்லை.

சண்டை பிடிப்பதும் தோட்டவேலை மாதிரித்தான். முதல்நாளே பாத்தி கட்டி வைக்கவேண்டும். இரண்டு பேரும் வைகாசிக்குள் சும்மா கிடந்த சொல் எல்லாவற்றையும் இறைத்துவிட்டார்கள். அருளம்பலத்தாரும் லேசுப்பட்டவர் இல்லை. அவளுடைய தகப்பன் வண்டில் ஓட்டினதிலிருந்து அவளுடைய சமையலில் உப்புக் கூடுவதுவரை எல்லாம் அவரிடம் கோவையாக இருந்தது. ஒருநாள், அவளுடைய மகனை இழுத்தார். வெளிநாட்டுக்குப் போன மகனிடமிருந்து பதினொரு மாதமாகக் கடிதம் இல்லை.

"உன்ரை மேன் ஏன் ஒரு துண்டுக் கடிதமும் போடுறானில்லை தெரியுமோ? உந்த வாய்க்குப் பயந்துதான் அவன் கண்காணாத தேசத்துக்கு ஓடினவன்!"

பாலேஸ்வரி போய்விடலாம் என்று திரும்பினாள். அருளம்பலத்தார் வென்றுவிட்ட திருப்தியில் கதிரையில் சாய்ந்தார். வலது கை சட்டத்தில் இறங்கிக் கிடந்தது. அது கிடந்ததை அவள் கண்டாள். இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னாள்:

"என்ரை மேன் ஓடினவன்தான். உங்களை மாதிரிப் பதினேழு பேரைக் கீழை வைச்சிருந்தவனெண்டு பொய் சொல்லிக்கொண்டு திரும்பி வரேல்லை."

கை எழும்பியது.

இப்படி நடக்கிற ஒன்றை ஊர் கண்டுபிடிக்காமல் விடுமோ? பக்கத்து வளவு மகாதேவி கிணற்றில் குடிதண்ணீர் அள்ள வருகிறவள். கூப்பனுக்குச் சாமான் கொடுக்கிற சங்கக்கடை வரிசையில் நின்றபடி அவள் சொன்னாளாம், 'பாலேஸ்வரி அருளம்பலத்தாருக்குச் சாவி குடுக்கிறாள்' என்று. வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு வரிசையின் கடைசிக்குப் போனபோது அங்கே குணலட்சுமி கூப்பன் மட்டையோடு நின்றாள்.

மறுநாள் அருளம்பலத்தாரின் மணிக்கூடு இடது கையில் இருந்தது.

வலது மணிக்கட்டில் இருபத்தைந்து வருஷம் வெயில் காணாத தோல் பல்லிவயிறு மாதிரி வெளுத்துப்போய்த் தெரிந்தது. அதை மறைப்பதற்காக அவர் சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டார். கோயில் வீதியில் புதுக் காரணத்தை வெளியிட்டார். "இருதயம் இருக்கிறது இடப்பக்கம். மணிக்கூடு அதுக்குக் கிட்ட இருக்கவேணும். டொக்டர்மார் சொல்லுகினம்." கால் கழுவுகிற கை என்ன ஆனது என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. மகாதேவிக்கு மட்டும் வந்தது. "கழுவுறதை மற்றக் கைக்கு மாத்தியாச்சாக்கும்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவர் முந்தி இறைக்கிற நாள். அருளம்பலத்தார் கதிரையில் படுத்து, இடது கையை வயிற்றின்மேல் வைத்து, அதன்மேல் சால்வையைப் போட்டு மூடினார். அடைகாக்கிற கோழிக்கு அவ்வளவு பக்குவம் வராது. பாலேஸ்வரி தொடங்கினாள். அவரும் விடவில்லை, ஆனால் வலது கைதான் ஏசியது. இடது கை சால்வைக்குள் நித்திரை. அவள் பெரேராவை இழுத்தாள். துரையை இழுத்தாள். குரல் உச்சத்துக்குப் போனது. தொண்டைக்குள் ஏதோ கிழிந்தமாதிரி இருந்தது. நிழல் பதினொன்றைத் தொட்டபோது அவர் எழும்பி, சால்வையை விலக்கி, "ஒம்பது" என்றார்.

அன்றைக்கு வெங்காயத்துக்குப் போனது ஒரு மணித்தியாலத் தண்ணீர். மிச்சம் சேறு. குழாய் கொறட்டை விட்டதைக் கனகரத்தினம் வாய்க்காலில் நின்று கேட்டான். நடுப்பாத்திக்குப் பிறகு ஒன்பது பாத்தி காய்ந்து கிடந்தது. குனிந்து ஒரு வெங்காயத் தாளை விரலால் நீவினான். நுனி பொருபொருவென்று உதிர்ந்தது. அன்றைக்கு அவன் மிளகாய் கடிக்கவில்லை.

பாலேஸ்வரிக்குக் குரல் முற்றாகப் போய்விட்டது. மல்லித்தண்ணி குடித்தாள், கற்கண்டு சூப்பினாள். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

நாலாம் நாள் இவர்கள் முந்தி. ஆறு மணிக்கு மிசின் வெளிக்கிட்டது. அருளம்பலத்தார் வழக்கம்போலக் கிணற்றுக்கட்டில் காவலுக்கு வந்து நின்றார். வெயிலுக்கு ஒரு குடை. குடை இடது கையில். வலது கை சும்மா இருக்குமோ? "அந்தப் பாத்திக்கு என்னத்துக்கு இவ்வளவு தண்ணி? என்ன, வெங்காயத்துக்கு நீச்சல் பழக்கிறியளோ?" என்று அது பாட்டுக்கு ஆடியது. குடை பிடித்த கை மரம்போல நின்றது. பாலேஸ்வரி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்வதற்குக் குரல் இல்லை என்று அவருக்குத் தெரியாது. அடங்கிவிட்டாள் என்று நினைத்தார்.

நிழல் ஒன்பதைத் தொட்டது. அருளம்பலத்தார் சூரியனைப் பார்த்தார். "நேரம் சரி. மிசினை நிப்பாட்டு."

கனகரத்தினம் முழங்கால்வரை சேற்றோடு வாய்க்காலில் நின்றான். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. பாலேஸ்வரி அவனைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது; காற்று வந்தது. அடைக்கலநாதன் தன் முறைக்கு எண்ணெய்ப் போத்தலோடு நின்றான். மகாதேவி வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அண்ணை," என்றான் கனகரத்தினம், "மணி என்ன?"

"ஒம்பது எண்டு சொல்லுறன்!"

"மேலை பாத்துச் சொல்லுறியள். கையைப் பாத்துச் சொல்லுங்கோ."

அருளம்பலத்தார் குடையைச் சரித்து இடது கையைப் பார்த்தார். பார்த்த கண் திரும்பி வர நேரம் எடுத்தது.

"மணிக்கூடு நிண்டு போச்சு."

"எட்டு வருஷமா நிக்காத மணிக்கூடெல்லோ? ஐயருக்கும் அதைத்தானே சொன்னனீங்கள். எத்தினையிலை நிக்குது?"

"ஏழு பத்து," என்று மகாதேவி எட்டிப்பார்த்துச் சொன்னாள். "வடிவாத் தெரியுது."

"அப்ப எங்களுக்கு இன்னும் ஒண்டு ஐம்பது கிடக்கு," என்றான் கனகரத்தினம். மண்வெட்டியை வரம்பில் ஊன்றினான். "அப்பு அப்பிடித்தான் எழுதினவர். சூரியனைப் பாத்து இறைக்கச் சொல்லி எழுதேல்லை."

"எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியோடா? நான் ஆரெண்டு தெரியுமோ?"

"என்ரை அண்ணை. அதாலைதான் இவ்வளவு காலமும் மணி கேக்கேல்லை."

அருளம்பலத்தார் குடையை எறிந்துவிட்டு இடது கையை உதறத் தொடங்கினார். மணிக்கூடு ஏழு பத்திலிருந்து வெளிக்கிட்டது. உதறலை நிறுத்த அவருக்குப் பயம். நிறுத்தினால் அது நின்றுவிடும். பிரதம லிகிதர் கிணற்றுக்கட்டில் நின்று, பாம்பு சுற்றின ஆள்போல ஒற்றைக் கையை உதறிக்கொண்டிருந்தார். "விசர் நாயள்! தண்ணிக் கள்ளர்! அப்பன்ரை பேரைச் சொல்லிக் கிணத்தைக் குடிக்கிறியள்! எங்கடை வாசல்படி இனி மிதிக்கப்படாது, செத்தவீட்டுக்கும் வரப்படாது!"

பாலேஸ்வரி நின்று கேட்கவில்லை. மூன்று போத்தலும் முடிகிற நேரம். வீட்டுக்கு ஓடி, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயை, குப்பிவிளக்குக்குள் இருந்ததையும் சேர்த்து ஊற்றிக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு போத்தலும் கொஞ்சமும். அதுவும் முடிந்தபோது மிசின் இருமி நின்றது. கடைசிப் பாத்தியில் தண்ணீர் தளம்பிக்கொண்டு நின்றது. கிணற்றுக்குள் அருளம்பலத்தாருக்கு மிஞ்சினது ஒன்றரை மணித்தியாலத் தண்ணீர்.

"ஐயா," என்றான் அடைக்கலநாதன், அவர் கையை எட்டிப்பார்த்து, "எட்டரைதானே. அவைக்கு இன்னும் அரை மணித்தியாலம் கிடக்குதாக்கும்."

அவனுக்கு அந்த இடத்திலேயே வேலை போனது.

விளக்கு இல்லாதபடியால் அன்று பொழுது படமுந்தியே பாலேஸ்வரியும் கனகரத்தினமும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது வேலிப்பக்கம் சத்தம் கேட்டது. இரண்டு வளவுக்கும் நடுவே, ஆட்கள் போய்வருகிற பொட்டு ஒன்று வேலியில் இருந்தது. கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் பலகாரத் தட்டும் பாயும் போய்வந்த வழி. அருளம்பலத்தார் அதை அடைத்துக்கொண்டிருந்தார். கூலியாளைக் கலைத்துவிட்டபடியால் தானே பனையோலையை இழுத்து, தானே கயிறு பிடித்து, இரண்டு கையாலும் மூச்சு வாங்க வாங்கக் கட்டினார். அப்பால் குணலட்சுமி ஓலை எடுத்துக் கொடுத்தபடி, இந்தப் பக்கத்தைப் பார்க்காமலே ஏசிக்கொண்டிருந்தாள்.

கனகரத்தினம் வேலிக்குக் கிட்டப் போய் எட்டிப்பார்த்தான்.

"அண்ணை கட்டுற கட்டு இளக்கம்," என்றான் மெதுவாக. "மாடு ஒருக்கா உரசினாப் பிரிஞ்சுபோம். அவருக்கு முடிச்சுப் போடத் தெரியாது."

பாலேஸ்வரி அவனுடைய சாறத்தைப் பிடித்து இழுத்தாள். நாலு நாளுக்குப் பிறகு அவளுடைய தொண்டையிலிருந்து முதற் சொல் கரகரத்து வந்தது.

"சொல்லிப்போடாதையுங்கோ."